குமரியிலிருந்து நர்ஸாக வெளிநாடு: சான்றிதழ் சரிபார்ப்பு முதல் முதல் சம்பளம் வரை முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் நர்சிங் முடித்த ஒரு பிள்ளை வெளிநாட்டு வேலை என்று வாயைத் திறந்ததும் வீட்டில் முதலில் தேடுவது ஏஜென்ட்டைத்தான். யாருக்கு யாரைத் தெரியும், எவ்வளவு கேட்பார், நகையை எங்கே வைப்பது என்று பேச்சு போய்விடும். இந்த வழிகாட்டியில் ஏஜென்ட் மிகவும் பின்னால்தான் வருவார். உங்கள் பெயர், கவுன்சில் பதிவு, அனுபவக் கடிதம், மொழித் தேர்வு ஆகிய நான்கும் சரியாக இருந்தால் லட்சக்கணக்கில் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த நான்கில் ஒன்று கோணலாக இருந்தாலும் பணம் கொடுத்து அதை நிமிர்த்த முடியாது.

நெய்யூரில் 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. நர்ஸ் வேலைக்கு இங்கே மரியாதை உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம், அங்கே விமான நிலையம். பயிற்சி மையங்களும் மெடிக்கல் சென்டர்களும் அங்கேயே இருக்கின்றன. இது நமக்குப் பெரிய வசதி. ஆனால் வசதி இருக்கும் இடத்துக்கு இடைத்தரகர்களும் வருவார்கள். அதனால்தான் எதை எப்போது செய்வது என்ற வரிசை முக்கியம்.

முதலில் நாடு

"எங்கே கிடைத்தாலும் போகிறேன்" என்று தொடங்குபவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் தேர்வு வேறு, காகிதம் வேறு, ஆகும் காலம் வேறு. ஓஇடி என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வின் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு நடுவில் ஜெர்மனிக்கு மாறுவது, பிறகு சவுதி இன்டர்வியூ வந்தது என்று அங்கே ஓடுவது, இப்படியே இரண்டு மூன்று வருடம் போய்விடும்.

சுருக்கமாகச் சொன்னால், கையில் இரண்டு வருட அனுபவம் இருக்கிறது, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும், சில வருடங்களில் ஊருக்குத் திரும்பலாம் என்றால் வளைகுடா. ஆங்கிலம் நன்றாக வரும், குடும்பத்தோடு தங்க ஆசை என்றால் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா. அனுபவம் குறைவு, புதிய மொழி படிக்கப் பொறுமை இருக்கிறது என்றால் ஜெர்மனி. அமெரிக்கா நீண்ட காத்திருப்பு. வேறு நாட்டில் வேலை செய்துகொண்டே முயற்சி செய்யலாம்.

படிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்சி நர்சிங், ஜிஎன்எம் என்ற டிப்ளமோ, அதற்கு மேல் படிக்கும் போஸ்ட் பேசிக் பட்டம் மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. சவுதி சுகாதார அமைச்சகம் போன்ற பெரிய வேலை அளிப்பவர்கள் பல சமயம் பிஎஸ்சி அல்லது போஸ்ட் பேசிக் கேட்கிறார்கள். ஜிஎன்எம் முடித்தவர்கள் போஸ்ட் பேசிக் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் போனால் கதவு பெரிதாகும். ஏஎன்எம் என்ற துணைச் செவிலியர் படிப்பு மட்டும் படித்தவர்களை ஸ்டாஃப் நர்ஸாக அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வீட்டு வேலையாகவோ முதியோரைப் பார்க்கும் வேலையாகவோ இருக்கும்.

பெயரைச் சரிசெய்வது

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. இனிஷியல்தான். வெளிநாட்டுக் காகிதம் இனிஷியலை ஏற்காது.

ஒரு உதாரணம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'ஜெனிஷா எஸ்'. நர்சிங் கவுன்சில் சான்றிதழில் 'எஸ். ஜெனிஷா மேரி'. ஞானஸ்நானப் பெயரைக் கல்லூரியில் யாரோ சேர்த்து எழுதிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் ஜெனிஷா, குடும்பப் பெயர் செல்வராஜ். திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் 'ஜெனிஷா அனிஷ்'. நான்கும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும். ரியாத்திலோ துபாயிலோ கணினி முன்னால் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்குத் தெரியாது. அவர் கோப்பை நிறுத்திவைப்பார்.

அதனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் பிழை இருந்தால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்துத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது தகப்பனார் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுகிறீர்களோ, அதையே இனி எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். பெயரையே மாற்ற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவதுதான் எங்கும் செல்லும் ஆவணம். சின்ன வேறுபாடுகளுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கிறது என்று நோட்டரியிடம் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதும்.

திருமணம் ஆனவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடைமுறைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கவோ குடும்பப் பெயரை மாற்றவோ வேண்டாம். ஒன்று தொடங்கும் முன்பே செய்யுங்கள், இல்லையென்றால் வேலையில் சேர்ந்த பிறகு செய்யுங்கள்.

கவுன்சில் பதிவும் கல்லூரிக் காகிதமும்

தமிழ்நாட்டில் படித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பீர்கள். பதிவு காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். போஸ்ட் பேசிக் முடித்தவர்கள் அந்தக் கூடுதல் தகுதியையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பெங்களூரு, மங்களூரு, திருவனந்தபுரம் என்று வெளியே போய்ப் படிக்கிறார்கள். அங்கே படித்தவர்களுக்கு முதல் பதிவு கர்நாடகா அல்லது கேரளா கவுன்சிலில் இருக்கும். ஊரில் வேலை செய்யத் தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு மாற்றிப் பதிந்திருந்தால் இரண்டின் காகிதமும் கையில் இருக்கட்டும். வேலை செய்த மாநிலத்தில் பதிவே இல்லாமல் வேலை செய்த காலத்தை வெளிநாட்டு அதிகாரி கேள்வி கேட்பார்.

அப்புறம் கவுன்சிலிடம் 'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொல்வது அது. இதற்குச் செல்லுபடிக் காலம் குறைவு, எனவே மிகவும் முன்னதாக வாங்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்ட் அப்படி அல்ல. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று விரிவாகக் காட்டும் காகிதம் அது. பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்பார்கள். கல்லூரி மூடப்படலாம், பிரின்சிபல் மாறலாம், பழைய ரிஜிஸ்டர் காணாமல் போகலாம். படிப்பு முடிந்த வருடமே இரண்டு மூன்று பிரதி வாங்கி வைத்துவிடுங்கள்.

பணி ஒப்பந்தத்தைக் காட்டி அசல் சான்றிதழை ஒரு மருத்துவமனை பிடித்து வைத்திருந்தால், அப்படி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் கவுன்சிலுக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். நாகர்கோவிலில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது கிடைக்கும். அந்த ரசீதைப் பார்த்ததும் பல நிர்வாகங்கள் சான்றிதழைத் தந்துவிடுகின்றன.

இரண்டு வருட அனுபவத்தை எங்கே சேர்ப்பது

வளைகுடாவுக்குப் பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். எங்கே வேலை செய்தோம் என்பது எவ்வளவு நாள் செய்தோம் என்பதற்குச் சமமான விஷயம்.

வீட்டுக்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து படுக்கை உள்ள மருத்துவமனையில், கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கி வேலை செய்தவர்கள் பின்னால் கஷ்டப்படுகிறார்கள். வேலை நன்றாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் வளைகுடா நாடுகளுக்காகச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம் அந்த மருத்துவமனைக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கும். பதில் எழுத அங்கே ஆள் இருக்காது. பதில் வராவிட்டால் 'சரிபார்க்க இயலவில்லை' என்று அறிக்கை வரும். அந்த இரண்டு வருட உழைப்பும் கணக்கில் சேராமல் போய்விடும்.

எனவே சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும், மனிதவளத் துறை என்று ஒன்று இருக்கிற, நூறு படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அப்படி உண்டு. திருவனந்தபுரம் போனால் இன்னும் நிறைய. சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும், பிஎஃப் பிடிக்கட்டும். ஐசியூ, எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், என்ஐசியூ ஆகிய பிரிவுகளில் வேலை செய்தவர்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஜெனரல் வார்டில் போட்டால் மாற்றிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

விடுபடும்போது வாங்கும் அனுபவக் கடிதத்தில் கீழே சொல்வது எல்லாம் இருக்கிறதா என்று வாசலிலேயே நின்று வாசித்துப் பாருங்கள்: மருத்துவமனையின் லெட்டர்ஹெட், பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், பதவி ஸ்டாஃப் நர்ஸ் என்று, எந்தப் பிரிவு, சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, முழுநேர வேலை என்ற குறிப்பு, படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், மருத்துவமனையின் அதிகாரபூர்வ மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும். தேதி ஆஃபர் லெட்டரோடும் சம்பளப் பட்டியலோடும் ஒத்துப்போக வேண்டும். அந்த அலுவலகத்தில் கடிதம் அடிக்கும் அக்காவிடம் நல்லபடியாகச் சொல்லி வையுங்கள், "அக்கா, ஆறு மாசம் கழிச்சு ஒரு மெயில் வரும், பதில் போட்டிருங்க" என்று. அவர் போடும் அந்த ஒரு பதிலில்தான் உங்கள் இரண்டு வருடமும் இருக்கிறது.

போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் இங்கே உண்டு. டேட்டாஃப்ளோவில் போலி என்று வந்துவிட்டால் அது ஒரு நாட்டோடு நிற்காது. ஒரு நாட்டில் மறுக்கப்பட்ட தகவல் பக்கத்து நாடுகளுக்கும் போகும். தொழிலையே இழக்க வேண்டி வரலாம். ஒரு வருடம் குறைகிறது என்றால் அந்த ஒரு வருடத்தை வேலை செய்து சம்பாதியுங்கள்.

வளைகுடா: உரிமம் வாங்கும் வழி

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு உரிம அமைப்பு உண்டு. துபாய்க்கு டிஎச்ஏ, அபுதாபிக்கு டிஓஎச், மற்ற எமிரேட்டுகளுக்கு மோஹாப். சவுதிக்கு எஸ்சிஎஃப்எச்எஸ், பஹ்ரைனுக்கு என்எச்ஆர்ஏ, கத்தாருக்கு டிஎச்பி. நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். இணையத்தில் கணக்குத் தொடங்குவது, டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, கணினியில் கொள்குறித் தேர்வு, பிறகு தகுதிக் கடிதம். வேலை கிடைத்ததும் அந்தத் தகுதிக் கடிதம் உரிமமாக மாறும்.

இவை அனைத்தையும் ஏஜென்ட் இல்லாமல் நீங்களே செய்யலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கையில் தகுதிக் கடிதம் வைத்திருப்பவரிடம் பேசும்போது ஏஜென்ட்டின் குரலே மாறிவிடும். கணக்கு தொடங்கும்போது மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும். பயிற்சி மையத்தின் மின்னஞ்சலில் தொடங்கினால் நாளை உங்கள் கோப்பைப் பார்க்கவே அவர்களிடம் கெஞ்ச வேண்டி வரும்.

தேர்வுக்குப் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். மருத்துவ-அறுவை நர்சிங், மருந்துக் கணக்கு, தொற்றுக் கட்டுப்பாடு, தாய்-சேய், குழந்தை, மனநலம் என்று கல்லூரியில் படித்ததுதான். டூட்டி முடிந்து வந்து தினமும் ஐம்பது கேள்வி போட்டாலே மூன்று மாதத்தில் தயாராகலாம்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷனில் ஒரு வேறுபாடு உண்டு. சவுதி, ஓமன், பஹ்ரைன் ஆகியவை அப்போஸ்டில் ஒப்பந்தத்தில், அதாவது தூதரக முத்திரை இல்லாமலே சான்றிதழை ஏற்கும் ஒப்பந்தத்தில், சேர்ந்தவை. அங்கே வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் செல்லும். சவுதி சேர்ந்தது 2022இல்தான், அதனால் தூதரக முத்திரை வேண்டும் என்று பழைய பழக்கத்தில் பணம் கேட்பவர்கள் இருக்கலாம், விசாரித்துவிட்டுக் கொடுங்கள். அமீரகம், கத்தார், குவைத் மூன்றுக்கும் தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும்.

பிரிட்டனும் ஆங்கிலமும்

பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு என்எம்சி. முதலில் ஆங்கிலம். ஐஇஎல்டிஎஸ் என்றால் கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5, ஒட்டுமொத்தமாக 7. ஓஇடி என்றால் மூன்றில் பி, எழுதுவதில் சி பிளஸ். அதற்கடுத்து சிபிடி என்ற கணினித் தேர்வு. முதல் பகுதியில் 15 மருந்துக் கணக்கு, இரண்டாம் பகுதியில் 100 கேள்விகள். இதை இந்தியாவிலேயே எழுதலாம். பிரிட்டன் போன பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, 10 நிலையங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஓஇடிதான் வசதி என்பது என் கருத்து. அதில் வருவதெல்லாம் மருத்துவமனை. எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடம் வாசிக்க, நாற்பது நிமிடம் எழுத. டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியைப் பற்றி வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்குக் கடிதம் எழுது என்பார்கள். இருநூறு சொற்களுக்குள். இங்கே பலரும் தவறுவது ஆங்கிலத்தில் இல்லை. கொடுத்த குறிப்பு அனைத்தையும் கடிதத்துக்குள் திணித்துவிடுகிறார்கள். இருபது வருடம் முன்பு குடல்வால் எடுத்ததைக் காலில் புண் உள்ள சர்க்கரை நோயாளியைப் பற்றிய கடிதத்தில் எழுதத் தேவையில்லை. கடிதத்தை வாங்கி வாசிக்கும் நர்ஸுக்கு நாளைக் காலையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? முந்தின ஷிப்ட் நர்ஸிடம் ஹேண்டோவர் வாங்கும்போது நீங்கள் எதைக் கேட்பீர்களோ அதுதான். அதை மட்டும் எழுதிப் பழகுங்கள்.

பேச்சுக்கு மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ பயிற்சிக்குப் போவது நல்லதுதான். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பேசுவதால் மட்டும் வராது. தோழியோடு பேருந்தில் வரும்போது ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ் என்று வைத்துப் பேசிப் பழகுங்கள். மொழித் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு வருடம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024க்குப் பிறகு பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது மிகவும் குறைந்துவிட்டது. கையில் ஓஇடியும் சிபிடியும் இருந்தும் வேலைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கேர் ஒர்க்கர் விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார். நர்ஸ்களிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. தேர்வில் குறுக்கு வழியும் வேண்டாம். நைஜீரியாவில் இபாடான் நகரத்துத் தேர்வு மையம் ஒன்றில் முறைகேடு என்று சந்தேகம் எழுந்தபோது, அங்கே தேர்ச்சி பெற்றவர்களை என்எம்சி 2023இல் மறுபடி எழுதச் சொன்னது. ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களும் அதில் உண்டு.

ஜெர்மனி

அங்கே எல்லாமே மொழிதான். ஏ1, ஏ2, பி1, பி2 என்று மொழித் தேர்ச்சி நிலைகளில் படிப்படியாக ஏற வேண்டும். முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய ஒரு வருடம். வேலை செய்துகொண்டே படித்தால் அதற்கு மேல். திருவனந்தபுரத்தில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே மையம் இருப்பது நமக்குப் பெரிய உதவி.

உங்கள் படிப்பை ஜெர்மனியின் மாநில அதிகாரி மதிப்பிட்டு, எங்கே குறை என்று எழுதித் தருவார். பெரும்பாலும் ஏதாவது குறை வரும், அதற்காக மனம் தளர வேண்டாம். அந்தக் குறையைத் தீர்க்க இரண்டு வழி. ஒன்று மருத்துவமனையில் பயிற்சிக் காலம், மற்றொன்று அறிவுத் தேர்வு. அது முடிந்து அங்கீகாரம் வரும்வரை உதவி நர்ஸ் பதவியும் அதற்கான குறைந்த சம்பளமும்தான். இந்தக் காலத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: எத்தனை மாதம், யார் செலவு, சம்பளம் எவ்வளவு, மொழிப் பயிற்சிக்கு நேரம் உண்டா. நடுவில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பல நிறுவனங்கள் எழுதுகின்றன. தொகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அங்கேயே சம்பளத்தோடு மூன்று வருட நர்சிங் படிப்பு உண்டு, அவுஸ்பில்டுங் என்பார்கள். இங்கே பிஎஸ்சி முடித்தவர்களையும் சிலர் அந்த வழியில் தள்ளுகிறார்கள். உங்களிடம் பட்டம் இருந்தால் அங்கீகார வழியை முதலில் கேளுங்கள். மூன்று வருடத்தை மறுபடி செலவழிக்கத் தேவையில்லாமல் போகலாம்.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு. 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் எழுதலாம். தேர்வில் ஜெயிப்பது ஒரு பக்கம், இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பல வருடம் என்பது இன்னொரு பக்கம். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இதே என்கிளெக்ஸைக் கேட்பதால் படித்தது வீணாகாது.

சரி, இப்போது ஏஜென்ட்

வளைகுடா நாடுகள், ஈராக், லிபியா, ஜோர்டான், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்களுக்கு 2015 முதல் தனி விதி. பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் இந்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வேண்டும், அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகவே ஆள்சேர்ப்பு நடக்க வேண்டும். குவைத் வேலைக்கு ஒரு நர்ஸிடம் 20 லட்சம் ரூபாய் வரை வாங்கிய மோசடிகள் வெளியே வந்த சமயம் அது. நம் மாநிலத்துக்கு அந்த முகமை ஓஎம்சிஎல், அதாவது அயல்நாட்டு மனிதவள நிறுவனம். 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது, அலுவலகம் சென்னை கிண்டியில். கேரளாவுக்கு நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும். ஓஎம்சிஎல் தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வாரம் ஒரு தடவை அறிவிப்புகளைப் பாருங்கள். இன்டர்வியூ சென்னையிலோ கொச்சியிலோ நடக்கும். ஓர் இரவு ரயில் பயணம்தான்.

தனியார் ஏஜென்ட்டிடம் போவதாக இருந்தால் முதல் கேள்வி, வெளியுறவு அமைச்சகத்தின் உரிம எண் என்ன என்பது. அந்த எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, முகவரி ஒத்துப்போகிறதா என்று அங்கே தெரியும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்பது சட்டப்படி தவறு. கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

உரிமம் இல்லாத சப் ஏஜென்ட்தான் நம் பக்கத்தில் பெரிய தொல்லை. அவர் யாரோ எவரோ இல்லை. கூட வேலை செய்த அக்காவின் கணவராக இருப்பார், சபையில் தெரிந்தவராக இருப்பார், மாமியின் தம்பியாக இருப்பார். "மக்ளே, பயப்படாண்டாம், எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்வார். அவர் நல்ல மனதோடே சொல்லலாம். ஆனால் 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவில்லாமல் ஆள்சேர்ப்பது குற்றம். பணம் போனால் அவரிடம் கேட்க எந்தக் காகிதமும் உங்களிடம் இருக்காது. உறவும் போகும். "மாமா, அந்த கம்பெனி உரிம எண்ணை மட்டும் அனுப்புங்க, நான் நேரா பேசிக்கிடுதேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். அதில் யாருக்கும் மனக்கசப்பு வரத் தேவையில்லை.

விசிட் விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குடியேற்ற அனுமதி இல்லாமல் போனவர்களுக்கு அங்கே பிரச்சினை என்றால் தூதரகம் உதவுவதும் கடினமாகிறது. ஏமனுக்குப் போக 2017 முதல் இந்திய அரசின் தடை இருக்கிறது. எவ்வளவு சம்பளம் சொன்னாலும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இருக்கிற நகையை வைத்து ஐந்து லட்சம் புரட்டிக் கொடுத்தால், பிள்ளை அங்கே எவ்வளவு மோசமான இடத்தில் மாட்டினாலும் கடனை நினைத்து வாயைத் திறக்க மாட்டாள். கடன் இல்லாமல் போனவளுக்குத்தான் "முடியாது, ஊருக்கு வருகிறேன்" என்று சொல்லும் துணிச்சல் இருக்கும்.

ஒப்பந்தத்தை வாசிப்பது

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடம் 30 நாள். 6,000 திர்ஹாமில் அடிப்படை 2,000 மட்டும் என்றால் ஐந்து வருடம் கழித்துக் கையில் வருவது எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். சவுதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதம். இரண்டு வருடத்துக்குள் நீங்களாக விலகினால் எதுவும் கிடையாது.

தங்குமிடம், வாகனம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஓவர்டைம், வருட விடுப்புக்கு டிக்கெட், மருத்துவக் காப்பீடு, சோதனைக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். சவுதியில் இகாமா என்ற குடியிருப்பு அனுமதிக்கான கட்டணம் முதலாளியின் பொறுப்பு, சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆஃபர் லெட்டரில் ஒரு தொகை, அங்கே போனபின் கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில் ஒரு தொகை என்று வந்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

மெடிக்கலும் புறப்பாடும்

வளைகுடாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு முன்பு காம்கா என்று சொல்லிவந்தது இப்போது வாஃபித். ஆன்லைனில் பதிவு செய்தால் ஒரு மையத்தை ஒதுக்குவார்கள், திருவனந்தபுரத்தில் மையங்கள் உண்டு. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி, நெஞ்சு எக்ஸ்ரே. பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் 'அன்ஃபிட்' என்று வர வாய்ப்பு இருக்கிறது. முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் தேர்வுக் கட்டணங்களைக் கட்டும் முன்பே ஒரு எக்ஸ்ரே எடுத்து நெஞ்சக மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு அட்டையை வைத்திருங்கள். காவல்துறை நற்சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா தளம் வழியாகவே கிடைக்கும்.

குடியேற்ற அனுமதி வாங்கும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்கப்படும். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. பாலிசிப் பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் கிளம்பக் கூடாது. ஒப்பந்த நர்ஸ்களும் விடுவிப்பு ஆணையை முறையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்கள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவர் திறக்கக்கூடிய மின்னஞ்சலில் வையுங்கள். நாட்டு மருந்து, பொடி, வலி மாத்திரை என்று அம்மா கட்டித் தருவதை எடுத்துப் போகும்போது கவனம். வளைகுடாவில் சில வலி மாத்திரைகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் தடை உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் எதுவும் வேண்டாம். கசகசாவும் வேண்டாம், அங்கே அதைப் போதைப்பொருள் கணக்கில் வைத்துக் கைது செய்வார்கள்.

போன பிறகு

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது வளைகுடாவிலும் சட்டப்படி தவறு. பதிவு வேலைக்காகக் கொடுத்தால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். சம்பளம் வங்கியில் வருகிறதா, ஒப்பந்தத் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று முதல் மாதமே பாருங்கள். குறைந்தால் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். வீட்டில் இருப்பவர்கள் இந்தியாவிலிருந்து 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது.

ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு தொடங்குங்கள், உங்கள் பெயரிலேயே. வீட்டுக்கு அனுப்புவது ஒரு தொகை, உங்களுக்கென்று சேர்வது ஒரு தொகை என்று முதல் மாதத்திலிருந்தே பிரித்துவிடுங்கள். தம்பி படிப்பு, அக்கா கல்யாணம், வீட்டு மாடி என்று எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டுப் பத்து வருடம் கழித்துக் கையில் எதுவும் இல்லாமல் திரும்பிய நர்ஸ்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கவுன்சில் பதிவை அங்கிருந்தும் தவறாமல் புதுப்பியுங்கள். சவுதியில் மூன்று வருடம் இருந்துவிட்டு அயர்லாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பிக்கும் நாளில், முதலில் கேட்கும் காகிதங்களில் சென்னையிலிருந்து வர வேண்டிய குட் ஸ்டாண்டிங் சான்றிதழும் ஒன்று. விடுப்பில் ஊருக்கு வரும்போது அந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்புங்கள்.